காரின் பின்தளம்

சுமை ஏற்றும் காரின் பின்தளம் உளுத்துப் போனால் எத்தனை மில்லிமீற்றர் தடிப்புள்ள பலகை போடுவது என்று நேயர்கள் வினவுவதுண்டு. தடிப்பைக் கேட்குமுன் அப்பலகையை எங்கே தாங்குவது என்று கேட்டல் வேண்டும் என்பதே நமது விடை.

1953 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உருவான மொறிஸ் மைனர் ட்ரவலர் என்ற வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் பின்னுடலில் தெரியும் மரச்சட்டம் பார்வைக்கு அலங்காரம் போலத் தோன்றும். உண்மையில் அதுவே பின்பகுதியின் எலும்பு. ஆதலாற்றான் பிரித்தானியப் பரிசோதகர்கள் அம்மரத்தின் உளுத்தலையும் இரும்பின் கறளைப் போலவே குறையாகக் கொண்டனர். பின்னாசனத்தை மடித்தால் மூடைகள் ஏற்றத்தக்க நீண்ட தளம் கிடைக்கும். கீழே மேலதிகச் சில்லும் பெற்றோல் தாங்கியும் இருக்கின்றன.

பழைய பலகையைக் கழற்றியதும் அடியிலுள்ள இரும்பைப் பார்க்க வேண்டும். திருப்புளியால் குத்தும்போது துளை விழுமாயின் அங்கே தச்சருக்கு வேலையில்லை. ஒட்டு வேலை செய்பவரையே அழைக்க வேண்டும். கறளின்மேல் அழகிய கம்பளம் விரித்து மனநிறைவு கொள்வோரும் உளர்! அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது எதுவுமில்லை.

இனிப் பலகை. பாடசாலையிலுள்ள நீண்ட வாங்கினை மாணவர்கள் அறிவர். இரு முனைகளிலும் மட்டும் கால்கள் இருந்தால், நடுவில் இருவர் அமர்ந்ததும் அது தொய்கின்றது. இதனைத் தடுக்க வழிகள் இரண்டு. பலகையின் தடிப்பை 12 மில்லிமீற்றரிலிருந்து 18 ஆக உயர்த்தலாம். அப்போது தொய்வு ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகக் குறையும். அன்றி, அதே பலகைக்கு நடுவில் ஒரு கால் கொடுத்து இடைவெளியைப் பாதியாக்கலாம். அப்போது தொய்வு எட்டிலொரு பங்காகிவிடும். ஒட்டுப்பலகை 12 மில்லிமீற்றர் தடிப்பில் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 8 கிலோவும், 18 மில்லிமீற்றரில் 12 கிலோவும் நிறுக்கும். வீண் பாரத்தை ஆயுள் முழுவதும் சுமக்கும் எஞ்சினை நினைத்தால், தேக்கஞ்சட்டம் ஒன்றைக் குறுக்கே வைப்பதே அறிவுடைமை. சட்டத்தின் இரு நுனிகளும் உறுதியான இரும்பின்மேல் அமர வேண்டும். பலகையின் மேற்படையிலுள்ள மர இரேகை ஒரு தாங்கலிலிருந்து மறு தாங்கலை நோக்கி ஓடவேண்டும். மாறிப் போட்டால் வலிமை குன்றும்.

ஒட்டுப்பலகை வாங்கும்போது பசையையும் கவனிக்க வேண்டும். வெட்டித் துண்டொன்றைச் சில மணி நேரம் நீரிற் கொதிக்க விடுங்கள். படைகள் பிரிந்தால் அப்பலகை வண்டிக்கு உதவாது. நல்ல பலகையாயினும் நீர் புகுவது வெட்டிய ஓரத்தினூடாகவே. ஆகவே ஓரங்களுக்கும் ஆணித் துளைகளுக்கும் இருமுறை வர்ணம் பூசுதல் வேண்டும். மேலதிகச் சில்லை எடுப்பதற்கு ஒரு மூடியையும் வெட்டி வைக்க மறவாதீர்கள். மழையில் நடுத்தெருவில் காற்றுப்போன சில்லோடு நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

துளையிடுமுன் வண்டியின் அடியிற் படுத்துப் பெற்றோல் தாங்கி, பெற்றோல் குழாய், மின்கம்பி ஆகியன எங்கெங்கே உள்ளன என்று பார்த்துக் குறித்துக்கொள்ளல் இன்றியமையாதது.

நாம் வற்புறுத்த விரும்பும் செய்தி இன்னொன்று. சுமையைக் கட்டும் வளையங்களைப் பலகையில் முடுக்கலாகாது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி, மோதி அரை மீற்றர் தூரத்துள் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் பொருள் தன் நிறையைப் போல ஏறக்குறைய இருபது மடங்கு விசையோடு முன்னே பாயும். 25 கிலோ அரிசி மூடை அரைத் தொன் பாரமாகிவிடுகின்றது. அதற்கு முன்னாலுள்ள ஆசனத்தில் இருப்போர் பெரும்பாலும் நம் பிள்ளைகள். மரத்திருகாணி அவ்விசையைத் தாங்காது. வளையத்தின் போல்ட் பலகையை ஊடுருவி, கீழுள்ள இரும்புச் சட்டத்தையும் கடந்து, அகன்ற இரும்புத் தகட்டோடு நட்டினால் முடுக்கப்பட வேண்டும். பாரமான மூடை ஆசனத்தின் முதுகோடு ஒட்டித் தாழ்வாக இருக்கட்டும்.

வண்டி ஒரு மாதம் ஓடியபின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். புதுமரம் அமுங்குவதால் அவை சற்றே தளர்ந்திருக்கும்.