ஊர் பெயரலாம், பிள்ளை வராது!

அமெரிக்க நாட்டிலே எவரும் எந்த மாநிலத்திலும் குடியேறலாம். ஏழைக்கும் அவ்வுரிமை உண்டென 1969-இல் ஷாபிரோ – தாம்சன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி கூறிற்று. ஓராண்டு குடியிருந்தால்தான் உதவித்தொகை என்ற சட்டங்கள் வீழ்ந்தன. வரவேற்போம், தோழர்களே! ஆனால் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அவள் பிள்ளையை அரசு தன் பொறுப்பில் எடுத்து, வளர்ப்புக் குடும்பமொன்றில் விட்டிருக்கிறது. அவளுக்கோ வாடகை கொடுக்க வழியில்லை. வேலை கிடைப்பது அண்டை மாநிலத்தில். போகலாமா?

"போகலாம், தடுப்பாரில்லை" என்கிறது சட்டம். பிள்ளை? "அது இங்கேயே இருக்கும்!" என்கிறது அதே சட்டம்.

பிள்ளைகளை மாநில எல்லை தாண்டி அனுப்புவதற்கென 1960-இல் தோன்றிய ஒப்பந்தம் ஒன்றுண்டு. 50 மாநிலங்களும் அதில் இணைந்துள்ளன. புதிய மாநிலத்து அதிகாரி ஒப்புதல் தந்தால்தான் பிள்ளை நகரும். பெற்றவரிடம் பிள்ளையை ஒப்படைப்பது இவ்வொப்பந்தத்தில் அடங்காதென 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அடங்கும் என்கின்றன வேறு சில மன்றங்கள். வாசகம் ஒன்றே, எல்லைக் கல்லுக்கு இப்பால் தாய், அப்பால் அந்நியள்!

வீட்டாய்வு அறிக்கையை 60 நாட்களில் தருக என 2006-இல் மைய அரசு சட்டம் செய்தது. அறிக்கை பாதகமாயின்? காத்திருப்பு! கடிகாரமோ நிற்பதில்லை. 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 22 மாதங்களில் 15 மாதம் பிள்ளை வளர்ப்புக் குடும்பத்தில் இருந்துவிட்டால், பெற்றோரின் உரிமையையே ஒழிக்க மாநிலம் மனுச் செய்தாக வேண்டும். விலக்குகள் உண்டு. அவற்றை வாதாடிப் பெற வழக்கறிஞர் வேண்டுமே! ஏழைப் பெற்றோர் அனைவருக்கும் வழக்கறிஞர் தருவது அரசியல் சட்டக் கடமையன்று என 1981-இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. பல மாநிலங்கள் தருவது, அவை தாமாகச் செய்த சட்டத்தால்.

"பிள்ளையின் பாதுகாப்பு முக்கியமன்றோ?" என்பர். முக்கியமே! வீட்டைப் பாருங்கள்; விரைந்து பாருங்கள். தாய் தகுதியற்றவள் என்றால் மெய்ப்பியுங்கள். உரிமையைப் பறிக்கத் தெளிவான, நம்பத்தக்க சான்று வேண்டுமென்று 1982-இல் உச்ச நீதிமன்றமே விதித்திருக்கிறதே! சான்றில்லாத இடத்தில் தாமதம் சான்றாகலாமா? அதிகாரியின் மேசையில் கோப்பு உறங்கிய நாட்களைத் தாயின் குற்றக் கணக்கில் எழுதலாமா?

அந்த நாட்களைக் கழித்து எண்ணுங்கள்! தொலைவிலிருந்து பிள்ளையைக் காண வருபவளுக்கு வழிச்செலவு கொடுங்கள்! அதுவரை, ஊர் பெயரும் உரிமை என்பது ஏழைத் தாய்க்கு ஏட்டுச் சுரைக்காயே!