நம் வீட்டுக் கணக்கு

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், நம்மவர் பலர் விடியலில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரில் உழைத்து, இரவில் தங்கவயல் திரும்புகின்றனர். இவர்கள் எவ்வூர்க் கணக்கில் சேர்வர்? வழக்கமாகத் தங்கி வாழும் ஊரே குடிக்கணக்கில் ஒருவரின் ஊர், வேலை செய்யுமிடமன்று.

2011-க்குப் பின் வரும் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாகும். தாய்மொழி யாதென ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதிவது வழக்கம். குழந்தைப் பருவத்தில் தாய் நம்மோடு பேசிய மொழியே அது. கன்னடம் கற்கும் பிள்ளைக்கும் இதுவே விதி. கன்னடம் ‘அறிந்த பிற மொழி’யாகத் தனியே பதிவாகும். ஒன்றைச் சொல்வதால் மற்றொன்று குறைவதில்லை.

மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்க முயலுமாறு அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு கூறுகிறது. அதனைக் கேட்கச் செல்கையில் நமக்குத் துணை நிற்பது இவ்வெண்ணிக்கையே. அன்பர்களே, பகலில் வீட்டிலிருக்கும் தாய்மாரிடமும் முதியோரிடமும் இன்றே இதனைச் சொல்லி வைப்போமாக.