முட்டையின் மேல் ஓர் எண்



கடையில் வாங்கிய முட்டை கெட்டிருந்தால் என்ன செய்கிறோம்? முகத்தைச் சுளித்துவிட்டு அடுத்ததை உடைக்கிறோம். அது யார் வீட்டுக் கோழியிட்டது என்று தேடுவதில்லை. தேடினாலும் விடை கிடைப்பதில்லை. ஐரோப்பாவின் வடபுறத்திலுள்ள டென்மார்க் என்னும் சிறு நாட்டினர் அக்கேள்விக்கு 1895-ஆம் ஆண்டிலேயே விடை கண்டனர். அவர்கள் வாழ்வு மலர்ந்த வரலாறும் அவ்விடையில் அடங்கியுள்ளது.

டென்மார்க்கில் நிலக்கரியுமில்லை, இரும்புமில்லை. 1864-ஆம் ஆண்டுப் போரில் தோற்று, தென்பகுதி மாநிலங்களையும் அது இழந்தது. அடுத்த பத்தாண்டில் அமெரிக்கத் தானியம் கப்பல் கப்பலாக வந்திறங்க, உள்நாட்டுத் தானியத்தின் விலை சரிந்தது. தானியம் விற்றே பிழைத்த உழவர் திகைத்தனர். எனினும், மலிந்த தானியத்தை விற்பதை விட, அதனை மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் இட்டு, வெண்ணெயும் இறைச்சியும் முட்டையும் இங்கிலாந்துக்கு விற்பதே மேல் எனத் தெளிந்தனர்.

ஆனால், நான்கு மாடு வைத்திருப்பவர் கடைந்த வெண்ணெய்க்கு நல்ல விலை யார் தருவார்? ஒரு வீட்டு வெண்ணெய் போல் மறுவீட்டு வெண்ணெய் இராது. எனவே, 1882-இல் ஹியெட்டிங் என்னும் சிற்றூரின் உழவர்கள் கூட்டுறவுப் பாற்பண்ணை ஒன்றை நிறுவினர். அனைவர் பாலும் ஓரிடம் சேர்ந்தது. பாலேடு பிரிக்கும் புதிய இயந்திரம் வேலை செய்தது. ஏடு நீக்கிய பால் வீடு திரும்பிப் பன்றிக்குத் தீவனமாயிற்று. இத்தகைய பண்ணைகள் சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் நூற்றுக்கணக்கில் தோன்றின. அவற்றில் மாட்டின் தலையை எண்ணவில்லை, மனிதரின் தலையையே எண்ணினர். நூறு மாடுடையவருக்கும் ஒரு வாக்கு. இரண்டு மாடுடையவருக்கும் ஒரு வாக்கு!

இவ்வழியில் முன்னரே நடந்தவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் சொன்ன என்ற லுத்தரன் சபைப் போதகர். 1866-இல் திஸ்டெட் நகரின் ஏழைத் தொழிலாளருக்கென, இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தாரைப் பின்பற்றி, கூட்டுறவுக் கடை ஒன்றை அவர் தொடங்கினார். வாங்குவோரே உரிமையாளர், ஆதாயமும் அவர்களுக்கே.

இனி முட்டைக்கு வருவோம். 1895-இல் தோன்றிய முட்டை ஏற்றுமதிக் கூட்டுறவு சங்கத்தில் ஒவ்வொரு முட்டையிலும் உறுப்பினரின் எண்ணைப் பொறித்தனர். எங்கோ ஓரிடத்தில் முட்டை கெட்டிருந்தால், எண்ணைப் பார்த்து உரிய வீட்டைக் கண்டறிந்து தண்டம் விதித்தனர். பெயர் தெரியாத கூட்டத்தினுள் மறைந்துகொள்ள எவருக்கும் வழியில்லை. ஆகவே, டென்மார்க் முட்டை என்றாலே ஆங்கிலேய இல்லத்தரசி ஐயமின்றி வாங்கினார். அந்நாட்டிற்கு இல்லாத நிலக்கரியின் இடத்தை நாணயம் நிரப்பிற்று என்றால் மிகையன்று.

காலம் மாறிற்று. ஊர்தோறும் இருந்த சிறு பாற்பண்ணைகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒன்றோடொன்று இணைந்து பெரு நிறுவனங்களாயின. இன்று உலகெங்கும் பொருள் அனுப்பும் ஆர்லா நிறுவனமும், 2000-ஆம் ஆண்டில் டென்மார்க், சுவீடன் நாட்டுக் கூட்டுறவுகள் இணைந்ததால் உருவானதே. அதன் உரிமையாளர் இன்றும் உழவரே. ஆயினும் உறுப்பினர் ஒருவரையொருவர் முகமறிந்த அந்நெருக்கம் அத்தனை பெரிய அமைப்பில் நிலைப்பது அரிது. வளர்ச்சிக்குக் கொடுத்த விலை அது.

நாம் செய்யும் வேலையிலும், விற்கும் பொருளிலும், பேசும் சொல்லிலும் நம் எண்ணைப் பொறித்து அனுப்பத் துணிவோமா? இக்கேள்வியை இன்றிரவு குடும்பமாக அமர்ந்து சிந்திப்போம்.