செத்த பன்றியை மறைக்க மாட்டோம்! கொன்ற பன்றிக்குக் காசை இழுத்தடிக்க விடமாட்டோம்!

வெண்பன்றி வளர்க்கும் விவசாயிகளே!

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை. 2020இல் அசாமிலும் அருணாச்சலத்திலும் நுழைந்தது. 2022 ஜூலையில் வயநாடு மானந்தவாடிப் பக்கம் உறுதியானது. அங்கே ஒரே பண்ணையில் முந்நூறுக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். 2023 ஜனவரியில் முதுமலையில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றிகளிலும் இதே நோய். கூடலூர், பந்தலூர் விவசாயிக்கு இது வேலிக்கு அந்தப் பக்கம்தான்!

மனிதருக்கு இந்த நோய் வராது. பன்றிக்கு வந்தால் பிழைப்பது அபூர்வம். கடும் காய்ச்சல், தீனி எடுக்காது, காதும் அடிவயிறும் சிவந்து நீலம் பாயும், சில நாளில் சாவு. பழைய பன்றிக் காய்ச்சலும் பார்வைக்கு இப்படித்தான். அதுக்குத் தடுப்பூசி உண்டு. இதுக்கு நம் நாட்டில் விற்பனையில் இல்லை. எது என்ன நோய் என்று கண்ணால் பார்த்து டாக்டரே சொல்ல முடியாது. ரத்தமும் மண்ணீரலும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பணும். போபாலில் உள்ள ஆய்வகம் உறுதி செய்யணும்.

உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் எல்லாப் பன்றியையும் கொல்ல வேண்டும். பத்துக் கிலோமீட்டர் கண்காணிப்பு. இதை நாம் எதிர்க்கவில்லை. நோய் பரவாமல் நிற்க வேறு வழி இல்லை என்பது நமக்கும் தெரியும்.

அப்படியானால் கோளாறு எங்கே?

கொன்ற பன்றிக்குத்தான் இழப்பீடு. அதற்கு முன்பே நோயில் செத்த பன்றிக்கு இல்லை! வயநாட்டில் கொன்றபோது இருந்த விகிதம்: 15 கிலோ வரை குட்டிக்கு 2,200 ரூபாய், 100 கிலோவுக்கு மேல் 15,000 ரூபாய். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். தகவல் சொன்னவன் முடிவுக்குக் காத்திருக்கிறான். தினம் ரெண்டு பன்றி சாகுது. முடிவு வரும்போது கொட்டகை காலி, இழப்பீடும் காலி. தாமதம் செய்வது அரசாங்கம், தண்டனை உண்மை சொன்ன விவசாயிக்கா?

போன மழைக்காலத்தில் நம் உறுப்பினர் ஒருவர் கொட்டகையில் நாலு பன்றி செத்தது. உடனே போன் செய்தார். டாக்டருக்கு மூணு ஊர் பொறுப்பு. மூணாம் நாள் வந்தார். மாதிரி எடுத்துப் போய்ப் பன்னிரண்டு நாள் பதில் இல்லை. இதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துப் பண்ணைக்காரர் என்ன செய்தார்? ராத்திரியோடு ராத்திரியாகப் பாதி விலைக்கு வியாபாரி வண்டியில் ஏற்றிவிட்டார்.

அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. நம்மில் பலபேர் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் தோழர்களே, அந்த வண்டி போன ஊரெல்லாம் நம்மைப்போல் கடன் வாங்கிப் பன்றி வளர்க்கிற குடும்பங்கள் இருக்கின்றன. நோயை விற்றால் விற்றவன் வீட்டுக்கே அது திரும்பி வரும்.

ஆகவே நம் பங்குக்கு முடிவு செய்வோம்:

ஓட்டல் மிச்சத்தை அப்படியே போடாதீர்கள். 90 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே காய்ச்சிப் போடுங்கள். அதில் கிடக்கும் இறைச்சித் துண்டில் கிருமி மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும். வியாபாரியைக் கொட்டகைக்குள் விடாதீர்கள். செத்ததை ஓடையிலோ காட்டிலோ வீசாதீர்கள். ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். அதற்கு முன் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். உடனே சங்கத்துக்கும் சொல்லுங்கள். எந்தத் தேதியில் சொன்னோம் என்று எழுதி வையுங்கள்.

அரசே! நாம் கேட்பது:

1. தகவல் தந்த 24 மணி நேரத்தில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு கொட்டகைக்கு வர வேண்டும்.
2. ஆய்வு முடிவைக் காலக்கெடு வைத்து எழுத்தில் தர வேண்டும்.
3. நோய் உறுதியானால், தகவல் சொன்ன நாளுக்குப் பிறகு செத்த பன்றிக்கும் இழப்பீடு வேண்டும்.
4. கொன்ற அன்றே எண்ணிக்கையும் எடையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். 15 நாளில் பணம் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும்.
5. மீண்டும் பன்றி வளர்க்க அனுமதிக்கும் வரை கடன் வசூலை நிறுத்த வேண்டும்.

இது சலுகை இல்லை. குழியோரத்தில் பணம் உறுதி என்றால் எவனும் ராத்திரி வண்டி ஏற்ற மாட்டான். நோயைத் தடுக்க இதைவிடச் சிக்கனமான மருந்து கிடையாது!

வரும் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகம் முன் கூடுவோம். கொட்டகையில் நோய்க்குறி உள்ளவர் வர வேண்டாம். அவர் மனுவைச் சங்கம் கொடுக்கும். மற்றவர் குளித்து, துணியும் செருப்பும் மாற்றி, குடும்பத்தோடு திரண்டு வாரீர்!

மறைப்பதில்லை! பணிவதில்லை!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்