படத்தில் இல்லாதவர்கள்

பனாமா நகரின் கடலோரத்தில், உலக உருண்டையின்மேல் நிமிர்ந்து நிற்கிறார் வாஸ்கோ நூஞெஸ் தெ பால்போவா. ஒரு கையில் வாள், மறு கையில் கொடி. 1924இல் எழுந்த சிலை அது. அந்நாட்டு நாணயத்திற்கு அவர் பெயர்; கால்வாயின் பசிபிக் வாயிலில் உள்ள துறைமுக நகருக்கும் அவர் பெயரே.

1513 செப்டம்பரில் மலைமுகட்டில் தனித்து நின்று, அவர் புதுக்கடலைக் 'கண்டுபிடித்தார்' என்கின்றன ஓவியங்கள். யார் கண்டுபிடித்தது? அப்பால் ஒரு கடல் உண்டென்று அவருக்குச் சொன்னவன் கொமாக்ரே என்னும் தலைவனின் மகன். வழிகாட்டி அழைத்துச் சென்றோரும் அம்மண்ணின் மக்களே. அவர்களை ஓவியங்களில் தேடினாலும் காணோம்!

1594இல் தெயோதோர் தெ பிரி செதுக்கி வெளியிட்ட வேறொரு படமும் உண்டு. அதில் பால்போவாவின் ஏவலால் வேட்டைநாய்கள் பழங்குடியினரைக் குதறுகின்றன. "அது ஸ்பெயினை வெறுத்த புராட்டஸ்டாண்டுக்காரரின் கைவேலை" எனத் தள்ளுவோர் உண்டு. ஆனால், ஏறத்தாழ நாற்பது பேர் இவ்வாறு நாய்களுக்கு இரையாக்கப்பட்டதைப் பால்போவாவின் காலத்திலேயே எழுதிவைத்தவர், ஸ்பெயின் அரசவையில் பணியாற்றிய பீட்டர் மார்ட்டிர் என்னும் கத்தோலிக்கக் குரு. அவரையும் பகைவர் என்போமா? அக்கொலை நடந்த சில நாள்களுக்குள் மலைமுகட்டில் சிலுவை நாட்டப்பட்டது, நன்றிப்பாடல் ஒலித்தது. எதற்காக நன்றி?

துறைமுக நகரின் கதையும் வேறன்று. 1914இல் கால்வாய் திறந்தது. அமெரிக்கர் அதைக் கட்டிய பத்தாண்டுகளில் பதிவான சாவுகள் மட்டும் 5,609. மாண்டோரில் மிகப் பலர் மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பினத் தொழிலாளர். வெள்ளையருக்குத் 'தங்கப் பட்டியல்', இவர்களுக்கு 'வெள்ளிப் பட்டியல்'. ஊதியம் வேறு, உறைவிடம் வேறு. பால்போவா நகரில் 1954இல் எழுப்பிய பெரும் நினைவுச்சின்னமோ தலைமைப் பொறியாளர் கோத்தல்ஸுக்கு.

சிலைகளை உடைக்கச் சொல்லவில்லை நாம். 1519இல் சொந்த ஆளுநரின் ஆணையால் தலை வெட்டுண்ட பால்போவாவும் இரக்கத்திற்குரியவரே. ஆனால் முதற்படத்தின் பக்கத்தில் இரண்டாம் படத்தையும் மாட்டுங்கள். பொறியாளரின் பெயரோடு புதையுண்டோரையும் எழுதுங்கள். பாதியை மறைத்துக் காட்டும் படம் வரலாறு அன்று, விளம்பரம். அன்று மலைமேல் நாட்டப்பட்டது சிலுவை என்றால், அதில் அறையப்பட்டவர் யார் பக்கம் நின்றிருப்பார்? நாய்களை ஏவியவர் பக்கமா, அவற்றுக்கு இரையானவர் பக்கமா?