இனக் கொள்கையும் சர்வகலாசாலைகளும்

மனிதரை இனம் இனமாகப் பிரித்து, ஓர் இனம் உயர்ந்தது, மற்றோர் இனம் தாழ்ந்தது என்று விதித்த கொள்கையைக் கற்பித்தவர்கள் பாமர ஜனங்கள் அல்லர், கல்விமான்களே. அதற்கு மதிப்பும் மரியாதையும் தேடித் தந்தவை சர்வகலாசாலைகளும் காட்சிசாலைகளும் ராஜாங்கக் காரியாலயங்களுமாம். ஆகவே, அக்கொள்கை எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, என்ன கேடு விளைத்தது என்னும் சரித்திரத்தை ஒளிவு மறைவின்றிக் கற்பிக்கும் கடமையும் சர்வகலாசாலைகளையே சார்ந்ததாகும். நமது தேசத்துச் சர்வகலாசாலைகள் இக்கடமையைப் போதிய அளவு உணரவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

இது எங்கோ கடல் கடந்த நாட்டாரின் விவகாரம் என்று எண்ணுவோர் ஏமாந்து போவார்கள். 1901-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின் கமிஷனராக இருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி துரை, மூக்கின் அகலத்தை அதன் நீளத்தோடு ஒப்பிட்டு ஓர் எண் கண்டு, அந்த எண் ஏற ஏற ஜாதியின் அந்தஸ்து இறங்கும் என்று விதி வகுத்தார். எழும்பூர்க் காட்சிசாலையின் தலைவராக இருந்த எட்கார் தர்ஸ்டன் துரையும் அளவுகருவியைக் கையிலேந்தி நம்மவரின் தலையையும் மூக்கையும் அளந்தார். தென்னிந்திய ஜாதிகளையும் குலங்களையும் பற்றி 1909-இல் வெளிவந்த அவருடைய ஏழு தொகுதிகளை நம் மாணவர் இன்றும் ஆதாரமாக எடுத்தாளுகின்றனர். அத்தொகுதிகள் எந்த நோக்கத்தோடு, எந்த அதிகாரத்தின் நிழலில் எழுதப்பட்டன என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் யார்?

இவை ஏட்டளவில் நின்றிருந்தால் நாம் இத்துணை வற்புறுத்த வேண்டுவதில்லை. குணம் இரத்தத்தில் வருவது என்ற அதே எண்ணம் சட்டமாகவும் வடிவெடுத்தது. 1871-இல் வட இந்தியாவில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. கைரேகைச் சட்டம் என்று ஜனங்கள் வெறுத்தழைத்த அச்சட்டத்தின் கீழ், தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் வருங்காலக் குற்றவாளியாகக் கருதப்பட்டது. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, மதுரை ஜில்லா பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்ற கள்ளர் சமூகத்தார்மீது போலீஸார் சுட்டதில் 16 பேருக்குக் குறையாதோர் மாண்டனர். அச்சட்டம் நம் மாகாணத்தில் 1947-லும், தேசமெங்கும் 1952-லும் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தது, சந்தேகம் ஒழிந்ததா? சீர்மரபினர் என்று பெயர் மாறிய அந்த மக்களைக் கேட்டால் விடை கிடைக்கும்.

சர்வகலாசாலையில் பிறந்த பொய்யைச் சர்வகலாசாலையிலேயே உடைத்தவர்களும் உண்டு. அவர்களில் நம்மவர் பலர் என்பது நாம் பெருமை கொள்ளத் தக்கது. 1916-இல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலையில் கட்டுரை வாசித்த மாணவர் அம்பேத்கர், ஜாதியின் உற்பத்தியை நிறத்தையும் இனத்தையும் கொண்டு விளக்கிய ஐரோப்பியரின் மிகையைச் சுட்டிக் காட்டினார். அவரே 1948-இல், மூக்களவைக் கொண்டே பிராம்மணரும் தீண்டாதாரும் ஓரினத்தவர் என்று வாதித்து, அளவுகோலை அளந்தவர் பக்கமே திருப்பினார். 1932-இல் குர்யே என்னும் அறிஞர், ரிஸ்லியின் விதி தேசத்தின் பெரும்பகுதிக்குப் பொருந்தாதென்று காட்டினார். பெர்லினில் பயின்ற ஐராவதி கார்வே அம்மையாரின் கதை இன்னும் விசேஷமானது. மண்டையோட்டின் இரு புறங்களுக்குமுள்ள வித்தியாசத்தைக் கொண்டு வெள்ளையர் பகுத்தறிவில் உயர்ந்தவர் என்று நாட்ட விரும்பினார் அவருடைய ஆசிரியர் யூகென் பிஷர். அம்மையார் அளந்து பார்த்தார். இனத்துக்கும் அவ்வித்தியாசத்துக்கும் சம்பந்தமில்லை என்று, கண்டதைக் கண்டவாறே எழுதினார். அந்த ஆசிரியரே 1933-இல், ஹிட்லர் பதவியேறிய அதே வருஷத்தில், பெர்லின் சர்வகலாசாலையின் தலைவரானார் என்பதை நினைக்கும்போது, மாணவியின் நேர்மை எத்தகையதென்று விளங்கும்.

பழைய புண்ணைக் கிளறினால் துவேஷம் வளரும் என்று சிலர் ஆக்ஷேபிக்கக்கூடும். புண் ஆறியிருந்தால் அந்த ஆக்ஷேபத்தில் நியாயம் இருக்கும். மொழிக்கு இட்ட பெயரை இரத்தத்துக்கு இடுவது தவறென்று மாக்ஸ் முல்லரே 1888-இல் கண்டித்தார். அப்படியிருக்க, ஆரியம் என்றும் திராவிடம் என்றும் மொழிநூலார் வகுத்த சொற்களை இரத்தப் பெருமையாக்கிச் சண்டையிடுவோர் இருதரத்திலும் இன்றும் இருக்கின்றனர். மனிதரிடையே காணும் பிறவி வேற்றுமையில் ஏறக்குறைய 85 சதவிகிதம் ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறதென்று 1972-இல் லெவன்டின் என்னும் சாஸ்திரி கணக்கிட்டுக் காட்டியும் அப்பெருமை தணியவில்லை. அறியாமையே துவேஷத்துக்கு உரம்; அறிவன்று.

ஆதலின் நாம் கேட்பது இவ்வளவே. சரித்திரம் பயிலும் ஒவ்வொரு மாணவனுக்கும் இனக் கொள்கையின் சரித்திரம் கட்டாய பாடமாக வேண்டும். அது தமிழிலும் கற்பிக்கப்பட வேண்டும். எவர்களுடைய பாட்டன் பாட்டிமார் அளவுகருவிக்குத் தலை குனிந்து நின்றார்களோ, கைரேகை வைத்தார்களோ, அவர்களுடைய மக்கள் அப்பாடத்தின் ஆசிரியர்களாகவும் ஆராய்ச்சியாளர்களாகவும் அமர வேண்டும். இதுகாறும் அளக்கப்பட்டவர்கள் இனி ஆராய்கிறவர்களாகட்டும். சர்வகலாசாலைகளை நடத்துவோர் இதற்குச் செவி சாய்ப்பார்களா?