பட்ஜெட் உரையில் மறக்கப்பட்ட ஒரு வாக்கியம்

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடைபெறும் நாள்களில், காலை எட்டு மணிக்கு தில்லி நார்த் அவென்யூவிலோ சவுத் அவென்யூவிலோ உள்ள எம்.பி.க்களின் வீடுகளுக்குச் செல்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். பணியிட மாறுதல் கேட்டு வந்தவர்களுக்கும், ரயிலில் இடம் உறுதி செய்ய வந்தவர்களுக்கும் நடுவே, மருத்துவமனைக் கோப்பை மடியில் வைத்தபடி ஒரு குடும்பம் காத்திருக்கும். பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்து சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சைக்கு உதவி பெற எம்.பி.யின் பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தவர்கள் அவர்கள்.

கடிதம் பெரும்பாலும் கிடைத்துவிடும். இந்த விஷயத்தில் எம்.பி.க்கள் கட்சி பேதம் பார்ப்பதில்லை. ஆனால், அந்தக் கடிதம் பெற்றுத்தருவது அறுவைச் சிகிச்சைச் செலவின் ஒரு பகுதியைத்தான். உறுப்பு கிடைக்கும் வரை வாரந்தோறும் செய்ய வேண்டிய ரத்தச் சுத்திகரிப்புக்காக (டயாலிசிஸ்) வேலையை இழந்தவருக்கும், அவருக்குத் துணையாகச் செல்வதற்காகத் தன் கூலியை இழந்த மனைவிக்கும் உதவ யாரிடம் கடிதம் கேட்பது?

இந்தக் கேள்வி அரசுக்குத் தெரியாதது அல்ல. 2016 பிப்ரவரி 29-ஆம் தேதி மக்களவையில் பட்ஜெட் தாக்கல் செய்த அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 2.2 லட்சம் பேர் சிறுநீரகச் செயலிழப்பின் இறுதிக் கட்டத்தை அடைகின்றனர் என்றார். இதனால் கூடுதலாக 3.4 கோடி முறை டயாலிசிஸ் தேவைப்படுகிறது. தேவையில் பாதியே நிறைவேறுகிறது. ஒரு முறைக்குச் சுமார் 2,000 ரூபாய் வீதம் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவாகிறது என்றும் கணக்குக் காட்டினார். அதை அடுத்து இன்னொன்றையும் அவர் சொன்னார். பெரும்பாலான குடும்பங்கள் இந்தச் சிகிச்சைக்காக அடிக்கடி நெடுந்தூரம் பயணம் செய்கின்றன, அதனால் பயணச் செலவும் கூலி இழப்பும் ஏற்படுகின்றன என்பதே அது.

அன்று அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டம் உருப்படியான திட்டம் என்பதில் ஐயமில்லை. மாவட்ட மருத்துவமனைகளில் டயாலிசிஸ் கருவிகள் வந்தன. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்குச் சிகிச்சை இலவசமானது. 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டிலும் டயாலிசிஸ் சேர்க்கப்பட்டது. சிகிச்சை பற்றிய வாக்கியம் செயலாயிற்று. குடும்பம் பற்றிய வாக்கியம் உரையோடு நின்றுவிட்டது.

டயாலிசிஸ் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் சிகிச்சை அல்ல. வழக்கமாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் ஆகும். போக வர ஆகும் நேரத்தையும், சிகிச்சைக்குப் பிந்தைய சோர்வையும் சேர்த்தால் வாரத்தில் மூன்று நாள்கள் கழிந்துவிடும். தினக்கூலிக் குடும்பத்தில் இது இரண்டு பேரின் மூன்று நாள் கூலி. கருவி இலவசம், அந்தக் கருவியைச் சென்றடைவதுதான் குடும்பத்தைக் கடனாளி ஆக்குகிறது. பேருந்துக்குக் காசில்லாமல் ஒரு முறையைத் தவிர்ப்பவர், மறுமுறை மூச்சுத்திணறலோடு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வர நேரலாம்.

இந்த நோயை நமது அரசியல் தலைவர்கள் நெருங்கி அறிந்தவர்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் காவலில் இருந்தபோது சிறுநீரகம் செயலிழந்த ஜெயப்பிரகாஷ் நாராயண், 1979-இல் மறையும் வரை டயாலிசிஸால் வாழ்ந்தார். அவருக்குக் கருவி வாங்க பிரதமர் நிவாரண நிதியிலிருந்து வந்த தொகையை அவர் ஏற்கவில்லை. மக்களின் நன்கொடையே உதவியது. முன்னாள் பிரதமர் வி.பி. சிங் பல ஆண்டுகள் டயாலிசிஸ் செய்துகொண்டார். சுஷ்மா ஸ்வராஜுக்கு 2016-இல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. திட்டத்தை அறிவித்த ஜேட்லிக்கே 2018-இல் அதே அறுவைச் சிகிச்சை நடந்தது. இவர்களைச் சுற்றி உதவிக்கு ஆள்கள் இருந்தனர். சாமானியனுக்கு அந்த இடத்தில் அரசுதான் நிற்க வேண்டும்.

சில மாநிலங்கள் நின்றிருக்கின்றன. ஆந்திரத்தில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியில், இன்னமும் முழுமையாக விளங்காத காரணத்தால் சிறுநீரக நோய் ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. அந்த மாநிலத்தில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மாதம் 10,000 ரூபாய் ஓய்வூதியம் தரப்படுகிறது. தெலங்கானா 2022-இல் தனது ஓய்வூதியத் திட்டத்தில் இவர்களைச் சேர்த்தது. கேரளத்திலும் ஒரு சிறு மாதாந்திர உதவி உண்டு. ஆக, பிறந்த மாநிலத்தைப் பொறுத்து ஒரு நோயாளியின் கதி அமைகிறது.

மத்திய அரசின் உதவி எது என்று தேடினால், ரயில் கட்டணச் சலுகை முன்னால் நிற்கிறது. 2020-இல் பல பிரிவினரின் சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும், டயாலிசிஸுக்காகவும் மாற்று அறுவைச் சிகிச்சைக்காகவும் பயணம் செய்வோருக்கும் துணைக்குச் செல்பவருக்கும் அது நீடித்தது. பாராட்டத்தக்கதுதான். ஆனால், மாவட்டத் தலைநகருக்கு வாரம் மூன்று முறை பேருந்தில் செல்பவருக்கு ரயில் சலுகையால் என்ன பயன்?

உறுப்பு தருபவரின் நிலையும் இதுவே. உயிருடன் இருக்கும்போதே உறுப்பு தருபவர்களில் ஐவரில் நால்வர் பெண்கள் என்கிறது தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் கணக்கு. உறுப்பு தானம் செய்யும் மத்திய அரசு ஊழியருக்கு 42 நாள்கள் வரை சிறப்பு விடுப்பு என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது. கணவனுக்குச் சிறுநீரகம் தரும் கூலித் தொழிலாளிப் பெண்ணுக்கு அத்தனை நாள் ஓய்வுக்கு யார் பொறுப்பு?

இதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. தலசீமியா, ஹீமோபிலியா போன்ற ரத்த நோய்கள் அதில் இடம்பெற்றுள்ளன. சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. நோய் வேறு, குறைபாடு வேறு என்று அதிகாரிகள் வாதிடலாம். ரத்த நோய்களை ஏற்ற சட்டத்தை வைத்துக்கொண்டு அந்த வாதத்தை நிலைநாட்ட முடியாது. மாற்றுச் சிறுநீரகம் பெற்று நலமடைபவர்களை எண்ணித் தயங்கினால், சான்றிதழுக்குக் கால வரம்பு வைக்கலாம்.

இதற்குப் புதிய மசோதாவோ வாக்கெடுப்போ தேவையில்லை. வேறு வகைகளையும் அறிவிக்கை மூலம் சேர்க்கும் அதிகாரத்தை அந்தச் சட்டத்தின் அட்டவணையே மத்திய அரசுக்கு அளித்திருக்கிறது. அரசிதழில் ஓர் அறிவிக்கை வந்தால் போதும். சான்றிதழ் என்ற ஒரு தாள் அவர்கள் கைக்கு வரும். பேருந்துச் சலுகைக்கும், உதவித்தொகைக்கும், வேலைப் பாதுகாப்புக்கும் அதைக் கொண்டு உரிமையோடு வாதாட முடியும்.

பணத்துக்கும் முன்னுதாரணம் உண்டு. காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. மருந்து மட்டும் போதாது என்று அங்கே ஏற்றுக்கொண்ட அரசு, டயாலிசிஸ் நோயாளிக்கும் பயணப்படி தருவதில் கொள்கைத் தடை ஏதும் இருக்க முடியாது. உறுப்பு மாற்று மருத்துவமனைகளில் ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதுபோல டயாலிசிஸ் மையந்தோறும் ஒரு சமூகப் பணியாளரை நியமித்தால், எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் குடும்பங்கள் அலைவது குறையும்.

பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்திடும் எம்.பி.க்கள் அவையிலும் இதைக் கேட்க வேண்டும். கேள்வி நேரத்தில் டயாலிசிஸ் மையங்களின் எண்ணிக்கையைக் கேட்கிறவர்கள், அங்கே வந்துபோகும் குடும்பங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்றும் கேட்கட்டும். உதவியை எம்.பி.யின் கடிதத்தால் பெற்றால் அது சலுகை. சட்டத்தால் பெற்றால் உரிமை. கோப்பை மடியில் வைத்துக் காத்திருப்பவர்களுக்கு நாடாளுமன்றம் கொடுக்க வேண்டியது இரண்டாவதைத்தான்.